மெலிந்த பிள்ளைக்கு ஊசி தாங்குமா?

(குழுக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குழுக்களுக்குப் போகும்போது தாய்மார்கள் எங்களிடம் கேட்பது இது: "பிள்ளை எடையே ஏறலை, நோஞ்சானா இருக்கு. தட்டம்மை ஊசி போட்டா தாங்குமா? கொஞ்சம் தேறட்டுமே?"

பயத்தில் நியாயம் இருக்கிறது. பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ரோட்டா சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசி எல்லாம் உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தவை. ஆனால் வலுக்குறைந்த அந்தக் கிருமியை மெலிந்த பிள்ளையும் தாங்கும். தாங்காதது நிஜத் தட்டம்மையைத்தான். அது வந்தால் வயிற்றுப்போக்கு, நிமோனியா வரும். வைட்டமின் ஏ குறைந்து கண்பார்வையே போகலாம். சத்துக்குறைந்த பிள்ளைக்குத்தான் உயிராபத்து அதிகம். ஆகவே அந்தப் பிள்ளைக்குத்தான் ஊசி அவசியம்.

"ஊசி போட்டு பிள்ளைங்க செத்துப்போச்சே" என்பீர்கள். உண்மைதான். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழக அரசு, ஊசி போடுவதை டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. 2014-ல் சிரியா நாட்டின் இட்லிப் பகுதியில் 15 குழந்தைகள் இறந்தன. அங்கே மருந்துப் பொடியைக் கரைக்கும் நீருக்குப் பதிலாக, தசையைச் செயலிழக்க வைக்கும் வேறு மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். கைத்தவறுதான் அங்கே உயிரைப் பறித்தது. பிள்ளையின் மெலிவு அல்ல.

அதனால் நாம் கவனிக்க வேண்டியவை:

* தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். "எப்போ கரைச்சீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.
* ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.
* போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.
* ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சல், தடிப்பு வரலாம், தானே சரியாகிவிடும். காய்ச்சல் கடுமையானால் காட்டுங்கள்.

கடுமையான காய்ச்சல், எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். புஜச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடும் சத்துக்குறைவு. உடனே திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ கூட்டிப்போங்கள். ஊசி எப்போது என்பதை அங்கே டாக்டரே சொல்வார்.

ஊசி மட்டும் போதாது. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவமும் கேட்டு வாங்குங்கள். 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது ஊசி உண்டு. அங்கன்வாடி சத்துமாவு அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேரட்டும். வீட்டில் முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடித்ததும் தாய்-சேய் நல அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன பிள்ளை இருந்தால், வருகிற புதன்கிழமை அந்தத் தாயோடு குழுவில் ஒருவர் துணைக்குப் போங்கள். கடனுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிற நாம், பிள்ளைக்கும் பொறுப்பேற்போம்.