லினக்ஸ் என்று சொல்லியே புகார் கொடுப்போம்



வீட்டில் இணையம் நின்றுவிடுகிறது. ரௌட்டர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். தெருவில் எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். கஸ்டமர் கேரைக் கூப்பிடுகிறோம். "ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கண்ட்ரோல் பேனல் போங்க சார்" என்கிறார்கள். கணினியில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன் என்கிறோம். "அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார். விண்டோஸ் சிஸ்டம் ஏதாவது ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடுங்க." மின்வாரிய லைன்மேன், வீட்டில் எந்தக் கம்பெனி மின்விசிறி ஓடுகிறது என்று கேட்டுவிட்டா கம்பத்தில் ஏறுகிறார்?

ஃபோனில் பேசும் அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று கணக்குப் பார்க்கும் வேலை அது. கையில் கொடுத்த தாளில் இருப்பதைத்தான் அவர்கள் படிக்க முடியும். என் கோபமெல்லாம் அந்தத் தாளை எழுதியவர்கள் மீது.

முடியாது என்கிறார்களே, எது முடியாது? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கி நம்மை இணைக்கும் பி.பி.பி.ஓ.ஈ. என்ற முறை, 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2516 என்ற எண்ணில் உலகம் முழுவதும் படிக்கும்படி வெளியானது. கணினிக்கு முகவரி தரும் டி.எச்.சி.பி. அதற்கும் முந்தியது. இவை எந்தக் கம்பெனியின் ரகசியமும் அல்ல. லினக்ஸ் இவற்றை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இன்னொன்றையும் கேளுங்கள். அவர்களே நம் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்களே ரௌட்டர் பெட்டிகள், அவற்றில் மிகப் பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ்தான்! 2003-இல் லின்க்சிஸ் நிறுவனம் தன் ரௌட்டரின் மூலநிரலை ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்துக்குக் கட்டுப்பட்டு வெளியிட நேர்ந்தது. ரௌட்டர்களுக்கான திறமூல லினக்சான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது அதிலிருந்துதான். 2017 நவம்பர் பட்டியலில் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்சில் ஓடின. வீட்டுக்கு வரும் டெக்னீசியன் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனின் கருவும் அதுவே. நம் மேசையில் இருக்கும் லினக்ஸ் மட்டும் இவர்களுக்குத் தெரியாததாகிவிடுமா? முடியாமல் இல்லை, மனமில்லை.

இனி நம் பக்கத்தைப் பேசுகிறேன். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பெனிகள் விண்டோசில் மட்டும் ஓடும் டயலர் நிரலைக் கொடுத்து, அதில்லாமல் லாகின் செய்ய முடியாது என்று சொன்ன காலம் நினைவிருக்கிறதா? நம் ஆட்கள் ராத்திரி கண்விழித்து, அதற்கு ஈடான நிரலை எழுதிப் பகிர்ந்தார்கள். பிறகு யுஎஸ்பி-யில் செருகும் இணைய டாங்கிள் வந்தது. செருகியதும் தன்னை ஒரு சி.டி. என்று காட்டிக்கொண்டு, உள்ளே விண்டோஸ் மென்பொருளை வைத்திருக்கும். அதை மோடமாக மாற்ற யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவியைத் தன்னார்வலர்கள் படைத்தார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டபோது, கம்பெனிக்கு ஒரு புகாரும் போய்ச் சேரவில்லை. இன்னும் மோசம், ஃபோனில் பொய் சொல்கிறோம். "ஸ்டார்ட் அழுத்தியாச்சா?" "அழுத்திட்டேன் மேடம்." லினக்ஸ் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பதில்! வேலை சீக்கிரம் முடிகிறது, சரி. ஆனால் அவர்கள் கணக்கில் விண்டோஸ் வாடிக்கையாளர் ஒருவர் கூடுகிறார், லினக்ஸ்காரர் ஒருவர் காணாமல் போகிறார். பிறகு, "உங்களைப் போல யாரும் கேட்பதில்லையே" என்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பதிலை எடுத்துக் கொடுத்தது யார்?

நமக்குத் தெரியும், நாம் சமாளித்துக்கொள்வோம். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாஸ் என்ற இந்திய லினக்சும் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் லினக்சில்தான் பாடம் நடத்துகின்றன. திறமூல மென்பொருளுக்கென்று மத்திய அரசே 2015-இல் கொள்கை வெளியிட்டது. இப்போது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துவிட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. புதிதாக வாங்கப் பணமில்லாத வீடுகளில் இனி லினக்ஸ் ஏறும், ஏற வேண்டும். அந்த வீட்டுத் தாயிடம் போய் மோட்ஸ்விட்ச் என்று சொல்வோமா?

கம்பெனிக்காரர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் வகை லினக்ஸ், எதற்கென்று ஆள் பழக்குவது? ஐயா, எங்களுக்கு லினக்ஸ் சொல்லித்தர உங்களை யார் கேட்டது? உங்கள் பெட்டி வரை லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விண்டோஸ் நிரல் இல்லாமல் இணைப்பு கிடையாது என்னாதீர்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. தான் விரும்பும் ரௌட்டரை வாடிக்கையாளர் மாட்டிக்கொள்ளலாம், இணைப்பு விவரங்களைக் கம்பெனி கேட்காமலே தர வேண்டும். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

தானாக யாரும் தரமாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2015-இல் இணையச் சமநிலைக்காக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சம் மின்னஞ்சலுக்கு மேல் போனது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, பார்க்கும் தளத்தைப் பொறுத்து வேறு வேறு கட்டணம் வாங்குவதற்குத் தடை வந்தது. அதைச் செய்த நாடு இது.

ஆகவே, அடுத்த முறை லைன் போனால் முதல் வாக்கியத்திலேயே லினக்ஸ் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் சண்டை வேண்டாம். "அப்படியே பதிவு பண்ணி கம்ப்ளைண்ட் நம்பர் கொடுங்க" என்று கேளுங்கள், கொடுக்கும் வரை ஃபோனை வைக்காதீர்கள். தீரவில்லையா, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். தனி ஆள் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. ஆனால் அங்கே பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன, அவர்கள் கையில் நம் புகார் எண்களைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஊர், கம்பெனி, கம்ப்ளைண்ட் நம்பர், என்ன பதில் சொன்னார்கள் — இந்த நான்கையும் எழுதுங்கள். நம்பர் வாங்காமல் விட்டவர்கள், நாளைக் காலையில் வாங்கிவந்து எழுதுங்கள்.