உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது?
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று வருகிற ஏழைகளுக்காகத்தான் நீங்கள் காணிக்கை அனுப்புகிறீர்கள். இவர்களில் பலருக்கு இரத்தக்கொதிப்பு பல வருடங்களாகவே இருந்திருக்கும். வலி இல்லாததால் தெரிவதில்லை. அதைக் கூட்டும் காரணங்களில் ஒன்றான உப்பைப்பற்றி இன்று பேசுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. 2007-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் நகரவாசிகள் சராசரியாக 8.5 கிராம் உண்பது தெரிந்தது. மதுரைக்காரர்கள் நாம் அதற்குக் குறைந்தவர்கள் என்று நினைக்க இடமில்லை. வீட்டிலேயே கணக்குப் பாருங்கள். நான்கு பெரியவர்கள் இருந்தால் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வரவேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். கடைப் பரோட்டா, சால்னா, கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நம் ஊர் அப்பளத்துக்குப் பேர்போனது. அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. உப்பிலுள்ள அதே சோடியம் அந்தக் காரத்திலும் உண்டு. நாக்குக்குக் கரிக்காததால் நாம் எண்ணுவதில்லை.

மேலூர், திருமங்கலம் பக்கத்து வயல்களில் நம் பெரியவர்கள் உப்பிட்ட கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டார்கள். ஓரளவு வியர்வையில் போயிற்று. பிள்ளைகள் நகரத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வியர்வை நின்றது, ஊறுகாய் நிற்கவில்லை. மிஞ்சிய சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது.

இந்துப்பு கெடுதல் செய்யாது என்று பலர் நம்மிடம் சொல்கிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு அதை வாங்குவது நஷ்டம். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறோமே என்று உப்பைக் கூட்டிக்கொள்ள முடியாது. உப்பைக் குறைத்தோம் என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அடுத்த சபை அசனத்தில் ஊறுகாயைக் கேட்பவர்களுக்கு மட்டும் வையுங்கள். சாம்பாரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

வாசலருகே இரத்த அழுத்தம் பார்க்க மேசை போட்டிருக்கிறோம். 30 வயது தாண்டியவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து பார்க்கவேண்டும். காப்பி குடித்த கையோடு வேண்டாம்.