தேய்ந்த டயரும் தேறிய தொழிலும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் பேச எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய டயர். 'நல்ல நாளும் அதுவுமா வாத்தியாருக்குப் பேச வேற விஷயமே கிடைக்கலையா?' என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பால்மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். இவற்றை நம் பாட்டிமார் பொறுக்கிச் சேர்த்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெள்ளைப் பாலுக்குத்தான் மதிப்பு. இது மட்டம் என்றே பெயர். 1965-ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தது. கட்டிப்பாலைக் கழுவி, நுணுக்கி, உலர்த்தி, கட்டியாக அழுத்தித் தரம் பிரித்து விற்கலானார்கள். இன்று டயர்த் தொழிற்சாலைகள் பெரிதும் வாங்குவது அந்த ரப்பரைத்தான். மட்டம் என்று ஒதுக்கியது லாரிச் சக்கரமாக உருள்கிறது.

லாரி டயர் தேய்ந்து போச்சு என்கிறோமே, தேய்ந்தது எது? ரோட்டைத் தொடும் மேல்தோல் மட்டுமே. கம்பியும் ரப்பரும் சேர்ந்த உடம்பு, அதாவது பட்டறைக்காரர்கள் 'கேசிங்' என்று சொல்வது, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விலையில் பெரும்பங்கும் அதில்தான் அடங்கியிருக்கிறது. அதற்குப் புதுத்தோல் போட்டுத் தருவதே ரீட்ரெட் தொழில். மலாயில் 'செலுப்' என்பார்கள், தோய்த்தெடுத்தது என்று பொருள். பெயரைக் கேட்டவுடன் ஏதோ மேல்பூச்சு வேலை என்று நினைக்கத் தோன்றும். அப்படி அல்ல.

முதலில் டயரை வெளிச்சத்தில் வைத்து, உள்ளே கைவிட்டுத் தடவி, ஆணி ஏறிய ஓட்டை, வெடிப்பு, வீக்கம் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். பிறகு இயந்திரத்தில் சுழலவிட்டு மிச்சத் தோலைச் சுரண்டி எடுக்கிறார்கள். அப்போது விழும் ரப்பர் தூளையும் வீணாக்குவதில்லை. கால்மிதி செய்ய வாங்கிப் போகிறவர்கள் உண்டு. காயங்களைத் தோண்டிச் சுத்தம் செய்து அடைத்து, பசை தடவி, புது ரப்பரைச் சுற்றி வேகவைக்கிறார்கள். அச்சில் வைத்தால் சுமார் 150 டிகிரி சூடு. முன்பே பல்வெட்டி வேகவைத்த பட்டையை ஒட்டும் முறையில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். இந்த வேகவைக்கும் வித்தையை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். ஆகாய விமானத்தின் டயர்களுக்கே பலமுறை இப்படிப் புதுத்தோல் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் பட்டணத்தில் இத்தகைய பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற பையன் ஒருவன் அங்கே வேலை செய்கிறான். பெயரைச் சொன்னால் வெட்கப்படுவான். லாரிக்காரர் ஒருவர் நாலு டயர் கொண்டு வந்தார். மூன்றை எடுத்து ஓரமாக வைத்தான். நாலாவதின் உள்ளே கையை விட்டுத் தடவினான்; நிறுத்தினான்; மறுபடியும் தடவினான்.

"அண்ணே, இது வேணாம். காத்து இல்லாம ஓட்டியிருக்கீங்க. ஓரத்துல உள்ள கசங்கிப் போச்சு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுக்கிறது நானு. சின்னப் பையன், நீ என்ன சொல்றது? போடு!" என்றார். தவுக்கே எழுந்து வந்து தானும் தடவிப் பார்த்தார். பையனைப் பார்த்துத் தலையசைத்தார். டயர் திரும்பிப் போயிற்று.

அதை வாங்கிப் போட்டிருந்தால் அன்றைக்குப் பட்டறைக்கு வரவுதான். வெளியே பார்க்கப் புது டயர் போலவே பளபளத்திருக்கும். மூன்று மாதம் கழித்து, நம் பிள்ளைகள் ஏறிப் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் பாரத்தோடு வரும் லாரியில் அது ஓடியிருக்கும். பழையதை வைத்துப் பிழைக்கும் எந்தத் தொழிலிலும் கடினமான வேலை, வேண்டாம் என்று சொல்வதுதான் என்பதை அன்று அந்தப் பட்டறையில் கண்டேன்.

'படிக்கலேன்னா டயர் கடைக்குத்தான் போவே' என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர்களே, அந்தப் பையன் படிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களே, அது எந்த மாதம் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்! பல்லின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டக்கூடாது என்பது விதி. அந்த அளவைக் காட்டப் பள்ளங்களுக்குள் சிறு மேடு வைத்திருக்கிறார்கள். ரீட்ரெட் டயருக்கென்று எம்.எஸ். 224 என்ற மலேசியத் தரமும் உண்டு. இதையெல்லாம் வாசிக்கவும் அளக்கவும் எழுதி வைக்கவும் தெரிய வேண்டாமா?

ரீட்ரெட் பட்டறை வைக்க இயந்திரத்துக்கு நிறைய முதல் வேண்டும். அது எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை. பங்ச்சர் ஒட்டும் கடையோ, பழைய டயர்களை வாங்கித் தரம் பிரித்துப் பட்டறைக்குக் கொடுக்கும் வேலையோ கொஞ்ச முதலில் தொடங்கலாம். அதற்கும் அந்தத் தடவிப் பார்க்கும் கை வேண்டும். அது இரண்டு மூன்று வருடமாவது பழகினால்தான் வரும்.

ஆகவே பிள்ளையைத் தொழில் பழக அனுப்புவதற்கு முன் பட்டறையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தள்ளிய டயர்கள் எங்கே கிடக்கின்றன? ஒன்றுகூடத் தள்ளுவதில்லை என்றால், வந்ததையெல்லாம் போட்டுத் தருகிற இடம் அது. அங்கே அனுப்பாதீர்கள். தள்ளியவை மழையில் தண்ணீர் நிறைந்து கிடந்தாலும் யோசியுங்கள். டிங்கிக் கொசு வளர இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லயத்து வீடுகளின் பின்னால் கிடக்கும் டயர்களுக்கும் இது பொருந்தும் என்பதைத் தாய்மார்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையன் வெட்டிக் கொடுத்தனுப்பிய டயர்த் துண்டு ஒன்று அறிவியல் மூலையில் இருக்கிறது. பழைய உடம்பும் புதுத்தோலும் சேர்ந்த இடம் அதில் தெரியும். விழா முடிந்து தேநீர் அருந்தும்போது பெற்றோர்கள் வந்து கையால் தடவிப் பாருங்கள். ஓரம் கூராக இருக்கிறது, சிறு பிள்ளைகள் தொட வேண்டாம்.