விபத்துக்குப் பின் கையெழுத்துப் போடும் முன்

 

மருத்துவ உதவி கேட்டு ஒரு குடும்பம் நம் அறக்கட்டளைக்கு வந்தது. லோடு ஆட்டோ மோதித் தந்தைக்குக் கால் முறிவு. "எல்லாம் கத்ர்" என்று சொல்லி, 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சமாதானத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கே அது போதவில்லை. எங்களிடம் வந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது.

கத்ரை நம்புவது ஹக்கை விட்டுவிடுவது ஆகாது. நம் மார்க்கத்திலும் தியத் என்னும் நஷ்டஈடு உண்டு.

ஆகவே, முதலில் போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், சம்பளச் சான்று எதையும் தொலைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே போடலாம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும், அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூடவே வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.