எஞ்சின் எண்ணெயை அளந்தறியும் முறை



மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் நாம் ஏர் பூட்டுவதில்லை. ஆயினும், டிராக்டரைக் கிளப்புமுன் எஞ்சினில் எண்ணெய் போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்க நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். பார்ப்பவர்களிலும் சிலர் சரியாகப் பார்ப்பதில்லை.

அத்தவற்றை நாமே செய்ததுண்டு. ஓர் ஆடி மாதத்தில், நல்ல மழை பெய்த மறுநாள், வரப்போரம் சாய்வாக நின்ற டிராக்டரில் டிப்ஸ்டிக் எனும் அளவுக் கம்பியை உருவினோம். மேற்குறிவரை எண்ணெய் தெரிந்தது. துடைத்து மறுமுறை பாராமலே உழவைத் தொடங்கினோம். நடுப்பகலில் எஞ்சின் இறுகி நின்றது. பழுது பார்ப்பதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்து, விதைப்பும் தவறிற்று. குற்றம் கம்பியினுடையதன்று, நாம் பார்த்த முறையினுடையது.

எவ்வாறு பார்த்தல் வேண்டும்? முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சாய்வில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குவதால் அளவு கூடியோ குறைந்தோ தெரியும்.

இரண்டாவதாக, கையேடு வேறு முறை கூறினாலன்றி, காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பார்ப்பதே நலம். ஓடி நின்ற எஞ்சினில், மேற்பாகங்களிலுள்ள எண்ணெய் அடித்தொட்டிக்கு வடியச் சிறிது நேரமாகும்.

மூன்றாவதாக, கம்பியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்த பின்னரே அதை உருவ வேண்டும். முதல்முறை காண்பது உண்மை அளவன்று. தெறித்த எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். பிசிறில்லாத தூய துணியால் துடைத்து, மீண்டும் முழுதும் செருகி, உருவிப் பார்க்க வேண்டும். கம்பியின் இரு பக்கங்களிலும் அளவு வேறுபட்டால் குறைந்ததையே கொள்ள வேண்டும்.

கம்பியின் இரு குறிகளுக்கும் இடையே எண்ணெய் நிற்பதே முறை. மிகக் குறைந்தால் எண்ணெய்ப் பம்பு காற்றை இழுக்கும். பேரிங்குகள் உரசிச் சூடேறி இறுகும். மிகுதியும் தீதே. சுழலும் கிராங்க் ஷாப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் உராய்வைத் தடுக்க இயலாது. ஆதலின் சிறிது சிறிதாக ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடியும் அளத்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ நீரோ கலந்திருக்கலாம். எண்ணெய் மோர்போல் வெளுத்திருப்பது நீர் கலந்ததற்கு அறிகுறி. அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

இதற்கு வேண்டுவது ஒரு துண்டுத் துணியும் சிறிது பொறுமையுமே. நாள்தோறும் அளந்து பார்ப்போமாக. பருவம் தவறாது உழுவோமாக.