மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா? பேரக்குழந்தைக்கு வண்டி வாங்கும் முன்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் சற்றுச் சீர்செய்து தந்திருக்கிறேன்.)



முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பி.காம்.காரனுக்குக் குழந்தை வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். தினமும் மாலை ஐந்தரைக்கு நம் பூங்காவைச் சுற்றி வண்டி தள்ளுகிறவர்களில் நானும் ஒருவன். பேத்தியின் மூன்று சக்கர வண்டியோடு இரண்டு வருடப் பழக்கம். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், "அங்கிள், இது எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்ததை இன்று ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்.

செயலாளர் இந்தப் பேச்சை அவசரமாக வைத்ததற்கு வேறு ஒரு காரணம் உண்டு. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போன மாதம், கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவின் தலையில், ஒரு வண்டி குழந்தையோடு தானாக உருள ஆரம்பித்தது. பாட்டியம்மா கூரியருக்குக் கையெழுத்துப் போடுவதற்காகக் கையை எடுத்திருந்தார். பிரேக்கை மிதித்துத்தான் இருந்தார், ஆனால் அது முழுதாக விழவில்லை. நம் காவலாளி ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். குழந்தை சிரித்துக்கொண்டே இருந்ததாம். பாட்டியம்மாவுக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே ஒரு கார் ஏறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி வாங்கும்போது நாம் குழந்தையைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், மகனோ மகளோ அனுப்பிய படத்தைப் பார்க்கிறோம். தள்ளப்போகிறவர் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை. நம் குடியிருப்பில் வண்டியை நாள் முழுக்கத் தள்ளுகிறவர்கள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளும், வீட்டு உதவிக்கு வரும் அம்மாக்களும்தான்.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய கதை பொருத்தமாக இருக்கும். இன்று எல்லாக் கடையிலும் தொங்கும், குடை மாதிரி மடங்குகிற லேசான நான்கு சக்கர வண்டியை 1965-இல் வடிவமைத்தவர் இங்கிலாந்தின் ஓவன் மெக்லாரன். ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தரையிறங்கும் கால் பகுதியில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் கனமான வண்டியைத் தூக்கிக்கொண்டு பயணத்தில் திண்டாடுவதைப் பார்த்து, அலுமினியக் குழாய்களை வைத்து மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் ஒன்றைச் செய்தார். ஆக, அது ஒரு தாத்தா செய்த வண்டி. தூக்குவதற்காகச் செய்தது.

ஓடுவதற்கான மூன்று சக்கர வண்டியின் கதை வேறு. 1980-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபில் பேக்லர் என்பவர், தினசரி ஓட்டத்துக்குப் போகும்போது கைக்குழந்தையையும் கூட்டிப்போக வேண்டுமென்று, குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். 1984-இல் அதுவே ஒரு கம்பெனி ஆனது. இது ஒரு இளம் அப்பா செய்த வண்டி. அவருக்கு முழங்கால் வலி இருந்திருக்காது. அவர் வீட்டு வாசலில் நம் ஏ பிளாக் மாதிரி லிஃப்ட்டுக்கு முன்னால் நான்கு படிகளும் இருந்திருக்காது.

அதனால் மூன்று சக்கரம் நமக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டிலேயே அதுதானே ஓடுகிறது! மேடு பள்ளத்தில் அதற்கு ஈடு இல்லை. நான்கு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. அதே சங்கதிதான் இங்கேயும். நம் உள்சாலையில் பேவர் பிளாக் எங்கெங்கே எழும்பி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும் (சங்கத்துக்கு மூன்று கடிதம் கொடுத்தாயிற்று). குடை வண்டியின் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் அந்த இடுக்கில் சிக்கி நின்றால், குழந்தையின் தலை முன்னால் வந்து குத்தும். மூன்று சக்கர வண்டியில் சக்கரம் பெரிது, அலுங்காமல் ஏறிப் போய்விடும். ஒரு கையால்கூடத் திருப்பலாம்.

ஆனால் ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்கு மூன்று சக்கரத்தின் இன்னொரு குணமும் தெரியும். வேகமாக வளைத்தால் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் முன் மூலைகளில் தாங்கல் கிடையாது. நடைபாதை விளிம்பிலிருந்து குறுக்காக இறக்கினால் கவிழ வாய்ப்பு உண்டு. இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாக இறக்குங்கள். மழைநீர் வடிகாலின் கம்பி மூடி மேல் நேராக ஓட்டாதீர்கள், கம்பிகளுக்கு நடுவே ஒற்றைச் சக்கரம் இறங்கிக்கொள்ளும்.

மூன்று சக்கரத்திலேயே இரண்டு ஜாதி உண்டு. கடையில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று ஓடுகிறவர்களுக்கானது. பின் சக்கரம் பதினாறு அங்குலம் வரை இருக்கும், முன் சக்கரம் திரும்பாமல் நேராகவே நிற்கும் அல்லது பூட்டி வைக்கலாம், பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். இன்னொன்று ஊருக்குள் நடப்பதற்கானது. சக்கரங்கள் சிறிது, முன் சக்கரம் இஷ்டப்படி சுழலும், எடையும் குறைவு. வீட்டில் யாரும் ஓடப்போவதில்லை என்றால் இரண்டாவது வகையே நமக்குப் போதும். திரும்பாத முன் சக்கரத்தோடு நம் லிஃப்ட்டுக்குள் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். மூன்றே நாளில் முதுகு பேசும்.

லிஃப்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைக்குப் போகும் முன் ஒரு அளவு நாடாவை எடுத்து உங்கள் பிளாக் லிஃப்ட்டின் கதவு அகலத்தையும் உள்ளே இருக்கும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பிளாக்கில் கதவு 70 சென்டிமீட்டர். பல மூன்று சக்கர வண்டிகளின் பின்பக்க அகலம் அறுபதைத் தாண்டும். நுழையும், ஆனால் விரல் நசுங்காமல் நுழைய வேண்டுமே! அகலத்தை விட நீளம்தான் ஏமாற்றும். ஓட்ட வண்டிகளில் சில, கைப்பிடி வரை ஒரு மீட்டருக்கு மேல் நீளம். ஆழம் குறைந்த லிஃப்ட்டில் நீங்கள் வெளியே, குழந்தை உள்ளே என்ற நிலை வந்தால், அதைவிட ஆபத்து வேறு இல்லை. காரின் டிக்கியையும் அளந்துவிடுங்கள். மடித்தும் நுழையாவிட்டால், சக்கரத்தைக் கழற்றி வைக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

டயர் விஷயம். காற்றடைத்த டயர் மெத்தென்று போகும், ஆனால் பஞ்சர் ஆகும். நம் தெருமுனைக் கடையில் ஒட்டித் தந்துவிடுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த டியூப்களில் பெரும்பாலும் கார், பைக்கில் இருக்கும் வகை வால்வு இருக்கும். பழைய சைக்கிள் பம்ப் அதில் உட்காராது. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் அங்கே காற்று வேகமாக ஏறும், குழந்தை வண்டியின் டயருக்கு அவ்வளவு தேவையில்லை. டயரின் பக்கத்தில் அளவு அச்சிட்டிருக்கும், அதைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் டியூப் அளவு இங்கே கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளே ஃபோம் நிரப்பிய டயர் இருக்கிறது. கொஞ்சம் அதிரும், பஞ்சர் ஆகாது. என் ஓட்டு அதற்குத்தான்.

பிரேக்குக்கு வருகிறேன். ஒரே மிதியில் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும் வண்டியாகப் பாருங்கள். மிதியை உங்கள் வீட்டுச் செருப்போடு மிதித்துப் பாருங்கள். கடைப் பையன் ஷூவோடு அழகாக மிதித்துக் காட்டுவான், ரப்பர் செருப்பு வழுக்கும். மிதித்த பிறகு வண்டியை ஒரு தடவை முன்னே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அன்று சரிவில் நடந்தது அந்த ஒரு நொடிச் சமாச்சாரம்தான். பூட்டியிருந்தாலும் சரிவில் வண்டியை நேராக நிறுத்தாதீர்கள், குறுக்காக நிறுத்துங்கள். கைப்பிடியில் ஒரு நாடா தொங்கும், பலர் அழகுக்கு என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். அது நம் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. நம் வயதில் கால் இடறுவது சகஜம், கை விட்டாலும் வண்டி போகாது.

குழந்தையின் இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, ஒன்றரை வயதுக் குழந்தை எழுந்து நின்றுவிடும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டுவதை விட்டுவிடுங்கள். குழந்தையைத் தூக்கியவுடன் வண்டி பின்னால் மல்லாந்து விழும். குழந்தை உள்ளே இருக்கும்போதே விழுவதும் உண்டு. கீழே இருக்கும் கூடையில் வையுங்கள்.

முன் சக்கரத்தைச் சைக்கிள் மாதிரி ஒரு நெம்புகோலால் கழற்றி மாட்டும் வண்டிகள் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட ஒரு ஓட்ட வண்டியில் முன் சக்கரம் ஓடும்போதே கழன்று குழந்தைகளும் பெரியவர்களும் காயப்பட்டதாக வழக்கே தொடர்ந்தது. டிக்கிக்காகக் கழற்றுகிறீர்களா? மாட்டிய பின் வண்டியை முன்பக்கம் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள். இது அப்பா அம்மா வேலை என்று விட்டுவிடாதீர்கள், மறுநாள் காலையில் தள்ளப்போவது நீங்கள்.

வயது பற்றிக் கேட்டிருந்தார்கள். தலை நிற்காத குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது, முதுகு தட்டையாகப் படுக்கும் வசதி இருந்தால் மட்டும் சரி. ஆறு மாதத்துக்கு முன் வண்டியோடு ஓடவே கூடாது. அதற்குப் பிறகும் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். நம் மருமகள்களும் மாப்பிள்ளைகளும் ஆர்வத்தில் மறந்துவிடுகிறார்கள், நாசூக்காக நாம் நினைவூட்டலாம். வெயிலுக்கு வண்டியின் மேல் கனமான துணியைப் போர்த்தாதீர்கள். காற்று போகாமல் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் வண்டியே வெளியே வர வேண்டாம்.

இனி என் துறை. நான் வண்டியை 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். இருபத்து நான்கு மாதம் ஓட்டியாயிற்று. இப்போது 6,400 தருவதாக ஒருவர் சொல்கிறார். தேய்மானம் 9,600. மாதத்துக்கு 400. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் நாளுக்கு 16 ரூபாய், ஒரு டீ காசு. 45,000 போட்டு வெளிநாட்டு வண்டி வாங்கி, கனம் தாங்காமல் பால்கனியில் துணி காயப்போடுகிறவர்களையும் நம் குடியிருப்பில் பார்க்கிறேன். அவர்கள் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். பழையது வாங்குவதில் தவறே இல்லை. பெல்ட் கொக்கி 'டக்' என்று பூட்டுகிறதா, மடிப்புப் பூட்டு உறுதியா, கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். மடிக்கும்போது குழந்தையின் விரல் பக்கத்தில் இருக்கவே கூடாது.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைகள்தானே நீங்கள் எல்லாரும்" என்கிறாள். அவள் சொல்வதும் சரி. பத்து கிலோ பேத்தியை மூன்றாவது மாடியிலிருந்து பூங்கா வரை இடுப்பில் தூக்கிப் போகிறாயா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். வண்டிகளை மாடிப்படிக்கு அடியிலும் படித்தளத்திலும் நிறுத்தாதீர்கள். தீ விபத்து என்றால் எல்லோரும் இறங்கும் வழி அது. கேட்டை ஒட்டிய சைக்கிள் கொட்டகையில் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். சரிவின் தலையில் ஒரு வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும் என்ற மனுவில் இதுவரை முப்பத்தோரு வீடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன. மனு காவலாளி அறையில் இருக்கிறது. அளவு நாடா என்னிடம் இருக்கிறது, மாலையில் பூங்காவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.