கட்டடக் கணக்கும் நம்ம கணக்குதான்

(ராயப்பேட்டையில் நடந்த பயிற்சி முகாமில் எங்கள் கூட்டமைப்பின் சார்பில் பேசியது)



காலையில மணிக்கூண்டு கிட்ட பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வரும்போது ஒரு அக்கா கேட்டாங்க: "இவ்வளவு பெரிய கட்டடத்துக்கெல்லாம் யாரு அனுமதி கொடுக்கிறாங்க? அதை நாம கேட்டா காட்டுவாங்களா?" நல்ல கேள்வி. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

கட்டடம் கட்டுறவங்க வரைபடம் கொடுக்கிறாங்க, அதிகாரி அனுமதி கொடுக்கிறார். சென்னையில் இந்த வேலையை மாநகராட்சியும் சி.எம்.டி.ஏ.வும் பார்க்கின்றன. நம்ம ஊரில் ஊராட்சியும் ஒன்றிய அலுவலகமும். அந்தக் காகிதம் பூட்டின பீரோவுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும்? 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2014 ஜூன் 28-ல் இதே சென்னைப் பக்கம் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் போனார்கள். பிழைப்புத் தேடி வந்த கூலி ஜனங்கள்தான் அதில் அதிகம். விபத்து நடந்த பிறகு எல்லாரும் பைலைத் தேடுகிறார்கள். முன்னாடியே பார்க்க நமக்கு உரிமை இருக்கு என்பதுதான் விஷயம்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. ராஜஸ்தானில் 1994-ல் கிராமத்து ஜனங்கள் கூடி, ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்லையும் பொதுவில் வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். பெண்களும் அதில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் வந்தது. நாடு முழுக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்போ எங்க ஊர்க் கதை. எங்க அங்கன்வாடி கட்டி மூணு வருஷம்கூட ஆகலை. ஒரு மழைநாளில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் சாப்பிட வெளியே போயிருந்த நேரம், தப்பிச்சாங்க. எஸ்டிமேட்டைக் காட்டுங்கன்னு அலுவலகத்தில் கேட்டோம். "உங்களுக்கு எதுக்கும்மா அது?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

குழுக் கூட்டத்தில் பேசி, மனு எழுதினோம். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், கொடுத்த பில், இந்த நாலையும் கேட்டோம். 30 நாள் ஆச்சு, பதில் இல்லை. மேல்முறையீடு போட்டோம். அப்புறம்தான் வந்து பார்க்கச் சொன்னாங்க. மேல்தளத்தில் தட்டோடு பதித்ததாக அளவு எழுதி, பணமும் கொடுத்திருந்தது. ஏணி வெச்சு மேலே ஏறிப் பார்த்தோம். வெறும் கான்கிரீட், தண்ணி தேங்கிக் கிடந்தது! அந்த நகலைக் கிராம சபையில் வாசித்தோம். ரெண்டு மாசத்தில் தட்டோடு பதித்து, பூச்சும் பூசிக் கொடுத்தாங்க. பொய்யாக அளவு எழுதினவர் மேல் என்ன நடவடிக்கைன்னு கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரலை. விடவில்லை, கேட்டுக்கிட்டே இருக்கோம்.

நீங்களும் செய்யலாம். முறை இதுதான்:

* "பொதுத் தகவல் அலுவலர்" என்று எழுதி, அலுவலகத்தின் பெயரைப் போட்டு மனு எழுதுங்க. நம்ம மாநிலத்தில் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை.
* எதுக்குக் கேட்கிறேன்னு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவங்க வாயால் சொன்னால், எழுதிக்கொள்ள அந்த அலுவலர் உதவணும். சட்டத்தின் 6-வது பிரிவு இது.
* நகல் மட்டுமில்லை. பைலை நேரில் பார்க்கவும், அரசாங்க வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுத்துக்கொள்ளவும் கேட்கலாம்.
* 30 நாளில் பதில் வரணும். உயிருக்கு ஆபத்து என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.
* கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குங்க. நகலை நம்ம குழு நோட்டோடு சேர்த்து வைங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8-வது பிரிவை மாற்றியது. "தனிப்பட்ட விவரம்"னு சொல்லி மறுக்க இப்போ முன்னைவிட வழி அதிகம். ஆனா பொதுநலன் பெரிசு என்றால் கொடுக்கலாம் என்கிற பிரிவு இன்னும் இருக்கு. அதனால பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காக மனு போடாதீங்க. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தண்ணித் தொட்டி, குழுக் கட்டடம், இதுங்களைக் கேளுங்க. பிள்ளைகள் உயிர்னு மனுவிலேயே எழுதுங்க.

சகோதரிகளே, வாரச் சந்தாவில் பத்து ரூபாய் குறைந்தால் ராத்திரி பூரா உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவங்க நாம. லட்சக்கணக்கில் செலவாகிற கட்டடத்தின் கணக்கு மட்டும் நமக்கு எதுக்குன்னு விடலாமா? அடுத்த கிராம சபைக்குப் போகும்முன் குழுவுக்கு ஒரு மனுவாவது போட்டுவிட்டு, வந்த பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.